பஸ் டீமுக்கு ஒரு சட்டம்

மாற்று ஆளே இல்லாத பேஸ்கட்பால் டீமை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் அப்படி ஒரு டீமுக்குக் கேப்டனாகவே இருந்திருக்கிறேன். ஆட ஐந்து பேர், வெளியே உட்கார ஒருத்திகூடக் கிடையாது. ஐந்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும், கால் சுளுக்கினாலும், சும்மா பஸ்ஸைத் தவறவிட்டாலும் அன்றைய ஆட்டம் எதிர் டீமுக்குப் போய்விடும். இப்படி ஒரு சட்டத்தைப் போட்டது யாரோ முன்பின் தெரியாத மனுஷி இல்லை. என் சொந்த அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த தங்கச்சி. எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, எனக்குக் கட்டிய அதே புளிச்சோற்றில் தனக்கும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, என்னோடு அதே நாகலூர் பஸ்ஸில் ஏற்காட்டுக்கு வந்து, இறங்கியதும் எனக்கு எதிராகச் சட்டம் போடுவார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அத்தை எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பி.டி. டீச்சர். வீட்டில் அத்தை, பள்ளிக்கூடத்தில் மிஸ். தப்பித்தவறி அங்கே ‘அத்தை’ என்று கூப்பிட்டுவிட்டால் காது கேட்காத மாதிரி விசிலைத் துடைத்துக்கொண்டு நிற்பார். தீபாவளி முடிந்த வாரத்தில் ஒருநாள் பிரேயரில் மைக்கைப் பிடித்து, இனிமேல் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பெண்பிள்ளைகளுக்குப் பேஸ்கட்பால் லீக் நடக்கும் என்று அறிவித்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மேட்டை வெட்டிப் போட்ட சிமெண்ட் தளம் ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்தது. அதுவரை சத்துணவுப் பாத்திரம் காய வைக்கத்தான் அது பயன்பட்டது. ஒரு பக்கத்து வளையம் தலை கவிழ்ந்திருக்கும். பந்து வேலியைத் தாண்டினால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சரிவில் உருண்டு ரோட்டுக்கே போய்விடும், ஒருத்தி ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். இருந்தாலும் அது எங்கள் கோர்ட். வேகவேகமாகச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவோம்.

டீம் பிரித்ததே வினோதம். வகுப்பு வாரியாக இல்லை, பஸ் வாரியாக. நாகலூர் பஸ் ஒரு டீம், வாழவந்தி பஸ் ஒரு டீம், ஒண்டிக்கடைப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்கள் ஒரு டீம், ஹாஸ்டல் பிள்ளைகள் ஒரு டீம். சரி, அதுவரைக்கும் யாருக்கும் குறையில்லை. அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. ஹாஸ்டலுக்கும் ஒண்டிக்கடைக்கும் பத்துப் பத்துப் பேர், களைத்தால் மாற்றிக்கொள்ளலாம். பஸ் டீம் இரண்டுக்கும் ஐந்தே பேர், அந்த ஐந்து பேரும் வந்தே தீர வேண்டும். கொடுமை அதோடு நிற்கவில்லை. ஹாஸ்டலுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆட்டம், எங்களுக்கும் வாழவந்திக்கும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஆட்டம். ஆட வேறு டீம் இல்லாத நாளில் நாங்களும் வாழவந்தியும் மோதிக்கொள்வோம். மோதி மோதி யார் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எல்லாருக்கும் மனப்பாடமே ஆகிவிட்டது. நாக்குத் தள்ள நாங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹாஸ்டல் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து கொய்யாக்காய் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். வயிறு எரியுமா எரியாதா?

வாழவந்தி கேப்டனும் நானும் சேர்ந்து போய் நியாயம் கேட்டோம். அத்தை பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வெளையாடோணும்னா வந்து வெளையாடுங்க. இல்லீன்னா உடுங்க.”

இதுதான் பதில். இதற்கு என்ன அர்த்தம் என்று நாங்களே உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அண்ணன் மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று டீச்சர்கள் ரூமில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் என் டீமைப் போட்டு இப்படி வாட்டுகிறார். வாழவந்தியை ஏன் வாட்ட வேண்டும்? ஒரு டீமை மட்டும் வாட்டினால் அப்பட்டமாகத் தெரியுமே, அதற்காக அவர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் விளங்கியது. தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள என் காலை ஒடிக்கிறார் என்று டீம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

எங்கள் டீமின் உயிர் பூங்கொடி. எஸ்டேட் கூலியாட்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் கடைசி வீட்டுப் பெண். என்னைவிட ஒரு தலை உயரம், இடது கைக்காரி. எல்லாரும் வலது பக்கம் மறித்துக்கொண்டு நிற்கையில் அவள் பாட்டுக்கு இடது பக்கமாகப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பாள். ஜெயித்தாலும் சிரிக்க மாட்டாள், தோற்றாலும் அழ மாட்டாள். அவளிடம் ஒரே குறை, திடீர் திடீரென்று பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றுவிடுவாள். முந்தின வருஷம் இதே மாதங்களில் அவளைப் பள்ளிக்கூடத்தில் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை. இந்த வருஷம் விட முடியுமா? லீக் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒருநாள் அவள் வரவில்லை, ஆட்டம் போயிற்று. மறுநாள் நாங்கள் நாலு பேரும் அவளோடு பேசவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் நாலு பேரும் லயனுக்குப் போய் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் ஸ்டாப்புக்கு வருவது. பனியில் எதிரே வருகிற ஆளே தெரியாது, அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போவோம். கண்டக்டர் அண்ணன்கூடப் பழகிவிட்டார். “அஞ்சு பேரும் ஏறியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் விசில் கொடுப்பார்.

வாழவந்திக்காரர்கள் இந்த அளவுக்குச் சூட்டிகையாக இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு கொஞ்சம் சொந்தக் காப்பித் தோட்டம் உண்டு. வாசலில் பழம் காயப்போட்டிருக்கிறது, கோழி விரட்ட ஆள் வேண்டும் என்று ஒருத்தியை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்தடுத்து மூன்று ஆட்டம் போயிற்று. அப்படி மூன்று போனால் டீமே வெளியே என்பது சட்டம், அவர்கள் வெளியே போனார்கள். எங்களுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு தொல்லை ஒழிந்தது என்று ஒரு சந்தோஷம். மறுவாரம் போய்ப் பார்த்தால் கரும்பலகையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘இரண்டாம் சுற்று’ என்று எழுதியிருக்கிறது. வாழவந்தி மறுபடியும் உள்ளே! நாங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த வெற்றியெல்லாம் துடைத்தெறியப்பட்டுவிட்டது. சட்டம் போட்டவரே சட்டத்தை அழித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இதற்கு நடுவில் அரையாண்டு லீவு வந்தது. அதையாவது விட்டாரா? பஸ் டீம்கள் மட்டும் தினமும் பிராக்டிஸுக்கு வர வேண்டுமாம், வராத டீம் வெளியேயாம். ஊரே கிறிஸ்துமஸ் கேக் தின்றுகொண்டிருக்கும்போது நாங்கள் பனியில் தலை கவிழ்ந்த வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

யாரிடம் சொல்வது என்றேன் அல்லவா, எனக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அப்பா. எங்கள் எஸ்டேட்டில் அப்பாதான் ரைட்டர். காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவதும், சாயங்காலம் அவரவர் பறித்து வந்த காப்பிப் பழத்தை எடை போட்டுக் கணக்கு வைப்பதும் அவர் வேலை. பழ சீசனில் எடைக்குத்தான் கூலி என்பதால் லயனில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அப்பா எடை போடப் போகும் முன் டீ குடித்துக்கொண்டிருப்பார். பையைக்கூடக் கழற்றாமல் அன்றைய அநியாயத்தை ஒப்பிப்பேன். அப்பா மாதிரிப் பொறுமைசாலியைப் பார்க்க முடியாது. நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொள்வார்.

“உங்கத்தை சின்னதுல இருந்தே அழும்புக்காரி சாமி. நான் பேசறன் இரு,” என்பார்.

பேசினதே இல்லை. ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பாவைப் பிடிக்கும். பெற்றவர்களோடு கூடமாட வந்து பழம் எடுக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் எடை போடும் இடத்தில் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுப்பார். தன் சொந்தக் காசில் வாங்கி வைத்திருப்பார். மூட்டை கட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் மிட்டாய் சப்புவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த நாள் வந்தது. மத்தியானம் ஹாஸ்டலோடு ஆட்டம், ஜெயித்தால் ஃபைனல். காலையில் லயனுக்குப் போனால் பூங்கொடி யூனிஃபார்ம் போடவில்லை. பழம் பறித்துப் போடுகிற படுதாவை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு அவள் அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

“இன்னைக்கு மட்டும் உடு கண்ணு,” என்றார் அவள் அம்மா. “மழ வர்றாப்புல இருக்குது. பழுத்ததெல்லாம் உதுந்து போயிருமுங்க. ஒரு கை கூட இருந்தா எனக்கு நொம்ப ஒத்தாசைங்க.”

விடுவேனா? பேஸ்கட்பால் ஆட்டத்தின் விதிகள், ஐந்து பேர் சட்டம், ஹாஸ்டல் டீமின் திமிர், அத்தையின் அநியாயம் எல்லாவற்றையும் அந்த வாசலில் நின்று கத்தினேன். ஒரு பொறுப்பான கேப்டன் வந்து இவ்வளவு எடுத்துச் சொல்கிறாள், அந்த அம்மா என்னடாவென்றால் கொடுவாளை எடுத்து வைப்பதும் தூக்குப் போசியை மூடுவதுமாக இருக்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“நேத்துச் சாயங்காலம் உங்கப்பாவே சொன்னாருங் கண்ணு,” என்றார் கடைசியில். “மக கூட வந்தன்னைக்கு எடை நல்லா நிக்கிதேன்னு. ரைட்டரே சொல்றாரு, நீ என்ன ஊட்டுக்கு வந்து சண்ட போடற.”

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவள் போனால் எனக்கென்ன? இதில் எதற்கு என் அப்பாவை இழுக்க வேண்டும்? அது ஒன்றுதான் அப்போது எனக்குப் பட்டது. கோபத்தில் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூங்கொடி வராவிட்டால் நானும் போக மாட்டேன் என்றேன். மற்ற மூன்று பேரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கீழே பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கண்டக்டர் அண்ணன் ஹாரன் அடிக்கச் சொல்லி அடிக்கச் சொல்லிப் பார்த்தார். நாங்கள் அசையவில்லை.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். அப்புறம் சடாரென்று மகளின் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார்.

“போ, போ. ரைட்டர் ஊட்டுப் பாப்பா பள்ளிக்கூடம் போகாம எங்கூட்டு வாசல்ல உக்காந்துட்டிருந்தா நாளைக்கு எனக்கு வேல இருக்குமா? போய்த் தொலைங்க.”

என் பேச்சுத் திறமையால் ஜெயித்தேன் என்று அன்றைக்கு முழுக்க மார்தட்டிக்கொண்டேன். பூங்கொடி யூனிஃபார்மைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள், பள்ளிக்கூடத்து பாத்ரூமில் மாற்றிக்கொண்டாள். மத்தியானம் பனி இறங்கி எதிர் வளையமே மறைந்துவிட்டது. ஹாஸ்டல் பிள்ளைகள் ஆள் மாற்றி ஆள் மாற்றி வந்தார்கள். நாங்கள் ஐந்து பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். பூங்கொடி மட்டும் களைக்கவில்லை, தெரியாத வளையத்தைத் தெரிந்த மாதிரியே போய்ப் போய்ப் போட்டாள். விசில் ஊதியபோது நாங்கள் ஃபைனலில் இருந்தோம். அத்தை எங்களைப் பாராட்டி ஒரு வார்த்தை பேசினாரா? பூங்கொடியிடம் மட்டும் நேராகப் போய், “சாப்பிட்டியா?” என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். தன் புளிச்சோற்று டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேப்டன் நான் அங்கேயே நிற்கிறேன்!

ஃபைனலை அத்தை தள்ளிக்கொண்டே போனார். பொங்கல் ஆகட்டும் என்றார். அதற்குப் பிறகும் நாங்கள் வாழவந்தியோடு தினமும் மோதினோம், எதற்கென்றே தெரியாமல். ஒருநாள் சாயங்காலம் வீட்டில் அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“ஏனுங்கண்ணா, பழமெல்லாம் எடுத்து முடிஞ்சுதுங்களா?” என்று அத்தை கேட்டார்.

“நேத்தோட சரி. இனி கவாத்து வேலதான்,” என்றார் அப்பா.

அத்தை தலையாட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். மறுநாள் மத்தியானம் போனால் கரும்பலகை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. பந்து, பீரோவுக்குள். சிமெண்ட் தளத்தில் சத்துணவுப் பாத்திரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. நான் ஓடிப்போய், “ஃபைனல் எப்பங்க மிஸ்?” என்று கேட்டேன்.

“லீக் முடிஞ்சுது கண்ணு. பரிச்ச வருதல்ல, போய்ப் படிங்க.”

பள்ளிக்கூடத்தில் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு அதில் இன்னும் எரிச்சல்தான் ஏறியது. ஃபைனல் இல்லாத லீக்கைப் பற்றி யாராவது கேள்விப்பட்டதுண்டா? இத்தனை நாள் ஐந்தே பேராக ஓடி, லீவையும் தொலைத்து, லயன் வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டு, கடைசியில் கப்பும் இல்லை, கைதட்டும் இல்லை. முழுப் பரீட்சை வரைக்கும் அத்தையோடு நான் பேசவில்லை. பஸ்ஸில் அவர் முன்னால் ஏறினால் நான் பின்னால் ஏறினேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. பூங்கொடி பாஸாகி ஒன்பதாவதுக்கு வந்தாள். ஃபைனல் போனதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. இவளுக்கெல்லாம் ரோஷமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காலேஜ் படிக்கும்போது ஒரு பழ சீசனில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். வேலை நாள், பள்ளிக்கூட மணி அடித்து வெகுநேரம் ஆகியிருக்கும். வளைவில் பஸ் திரும்பும்போது காப்பிச் செடிகளுக்கு நடுவே யூனிஃபார்ம் பாவாடை மேல் படுதா கட்டிய ஒரு பெண் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் போய்விட்டது. நாகலூர் வருவதற்குள் எனக்கு அத்தனையும் விளங்கிவிட்டது. ஐந்தே பேர், தினமும் ஆட்டம், துடைத்துத் துடைத்து எழுதிய சுற்றுகள், லீவு நாள் பிராக்டிஸ். ஒருத்தி வராவிட்டால் மற்ற நாலு பேரும் அவள் வீட்டு வாசலில் போய்க் கத்துவார்கள் என்று அத்தை கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் கோபத்தை வைத்தே வேலை வாங்கியிருக்கிறார். அன்றைக்கே ஆத்தூருக்குப் போன் போட்டேன். அத்தை கல்யாணமாகி அங்கே போயிருந்தார். இதை எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்கள் செய்திருக்க மாட்டோமா என்று சண்டை பிடித்தேன். அவர் சிரித்துவிட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று பேச்சை மாற்றினார்.

அதற்கும் கோபப்பட்டேன். எதற்கு இந்த ஒளிவுமறைவு, வீட்டிலாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று போனை வைத்த பிறகும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரிடம் சொல்வது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எட்டாம் வகுப்பில் எனக்கு அது சுத்தமாகத் தெரியாது. அத்தை செய்கிற அநியாயத்தைக் கேட்க இந்த உலகத்தில் ஆளே இல்லையா என்று சாயங்காலம்தோறும் நான் அழுதுகொண்டே போய் நின்றது அப்பாவிடம். அப்பா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்பார், என் தலையைத் தடவிக் கொடுப்பார், டீ டம்ளரைக் கீழே வைப்பார். அப்புறம் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழம் எடை போடப் புறப்பட்டுப் போவார்.